பதினோரு சிப்பும் ஒரு பட்டி வாசலும்

ஏல ராசா, கோவிச்சுக்கிடாத, ஒண்ணு கேக்கேன். பதினோரு சிப்பைக் கழட்டி மாத்தியிருக்கியே, அதுல ஒண்ணாவது உன்கிட்ட வந்து "நாந்தான் கெட்டுப்போனவன்"னு சொல்லுச்சா? சொல்லலைல்லா? அப்புறம் எந்தத் தைரியத்துல அதுகளைத் தூக்கி வெளிய போட்ட? நம்ம ஊர்ல ஆடு காணாமப் போனாக்கூட முதல்ல பட்டியைச் சுத்தி வந்துதான் பாப்பாங்க. தெருவோட போறவன் பதினோரு பேரைப் புடிச்சு வேப்பமரத்துல கட்டிவைக்க மாட்டாங்க.

நான் என்னத்தக் கண்டேன், பருத்திக்காட்டுக்காரன். நீ பெங்களூர்ல கண்ணாடி ரூம்புக்குள்ள உக்காந்து வேலை பாக்குறவன். பங்குனியில வந்தவன், சித்திரையும் பொறந்தாச்சு, திண்ணையில அந்தப் பச்சைப் பலகையை விரிச்சு வச்சுக்கிட்டு சால்டரிங் புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு இருக்க. உங்க ஆச்சி, பேரன் அழுதான்னு நெனச்சு எனக்குக் கறிக்கொழம்பு வைக்காம உனக்கு வச்சுப் போடுதா. அந்த வயித்தெரிச்சல்லதான் பேசுதேன்னு வச்சுக்கோ.

பலகை என்ன பலகை? பேக்-மேன். 1980-ல ஜப்பான்ல நாம்கோக்காரன் விட்டது. மஞ்சளா ஒரு வாயி, புள்ளி புள்ளியாத் தின்னுக்கிட்டே ஓடும், நாலு பேய் பின்னாலயே வெரட்டும். நம்ம கருப்பாயி வீட்டு வெள்ளாடுதாம்ல அது. வாயைத் திறந்தா மூடாது, வெரட்டினாத் திரும்பிப் பாக்காது. இதுக்கு நீ கொடுத்த காசுக்கு எட்டயபுரம் சந்தையில நாலு ஆடு நெசமாவே புடிச்சிருக்கலாம், அதுக புழுக்கையாவது போடும். 1872-ல இதே ஓட்டப்பிடாரத்துல பொறந்த சிதம்பரம் பிள்ளை கப்பல் வாங்கினாரு. நீ பலகை வாங்கியிருக்க. அவர் வாங்கின கப்பல் ஓடுச்சு, அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

சரி, மூஞ்சியைத் தூக்காத. உக்காரு. அந்த அயனை ஸ்டாண்டுல வையி, மடியில வச்சிராத.

கோயில்பட்டியில ரேடியோ மராமத்து பாத்துக்கிட்டிருந்தவன், ஒரு காலத்துல மெட்ராசுக்குப் போயி ஒரு கம்பெனியில போர்டு சர்வீஸ் பாத்தேன்னு உனக்குத் தெரியும். அங்க ஒரு பெட்டி இருந்துச்சு. ஹெச்.பி. 5004ஏ. 1977-ல வந்த சரக்கு. முன்னாடி நாலு எழுத்து மினுங்கும், பக்கத்துல சில பொத்தான், பேனா மாதிரி ஒரு குச்சி, பொடிப்பொடியா நாலு வயரு. பாத்தா ஒண்ணுமில்லாத பெட்டி. ஆனா அது வந்த அன்னைலருந்து நாங்க சிப்பை மாத்திப் பாக்குற பழக்கத்தை விட்டோம். அதுக்குப் பேரு சிக்னேச்சர் அனாலிசிஸ். கையொப்பம் பாக்குறதுன்னு வச்சுக்கோயேன். என்னையக் கேட்டா கைநாட்டு பாக்குறதும்பேன். ஏன்னு பின்னால சொல்லுதேன்.

இப்ப அந்தா நம்ம பட்டியைப் பாரு. சாயங்காலம் ஆடு உள்ள வரும்போது நான் எப்படி எண்ணுதேன்? வாசப்படலைத் திறந்ததும் எண்ண ஆரம்பிக்கேன். ஆடு ஒவ்வொண்ணா உள்ள காலை வைக்கையில ஒரு எண்ணம். படலைச் சாத்தினதும் நிப்பாட்டுதேன். அந்தப் பெட்டியும் அதைத்தான் செய்யும். திறக்குற வயருக்குப் பேரு ஸ்டார்ட், சாத்துற வயருக்குப் பேரு ஸ்டாப், காலடி வயருக்குப் பேரு கிளாக். நாலாவது வயரு தரை. குச்சியை எந்தக் கால்ல வைக்கியோ, அந்தக் கால்ல ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒண்ணு வருதா பூச்சியம் வருதான்னு பாத்துக்கிட்டே வரும். ஒண்ணுன்னா வெள்ளை ஆடு, பூச்சியம்னா கருப்பு ஆடு.

ஆனா எண்ணினா மட்டும் போதுமால? நூறு ஆடு போச்சு, நூறு ஆடு வந்துச்சு. நடுவுல எவனோ என் சினை ஆட்டைப் புடிச்சுக்கிட்டு அவன் கிழட்டுக் கெடாயை ஓட்டிவிட்டிருந்தா? எண்ணம் சரியா இருக்கும், ஆடு சரியா இருக்காது. இந்தப் பெட்டிக்கு முன்னால அப்படி மாறுறதை எண்ணுற கருவிகள்தான் இருந்துச்சு. சமயத்துல ஏமாந்துபோகும். 5004ஏ எண்ணாது. எந்த ஆடு எத்தனாவதா வந்துச்சுங்குற வரிசையவே பிழிஞ்சு நாலு எழுத்தா ஆக்கிரும்.

எப்படிப் பிழியுதுன்னு கேட்டா, அது ஒத்தையா ரெட்டையா விளையாட்டுதான். நீ சின்னப் பிள்ளையில புளியங்கொட்டையை மூடி வச்சுக்கிட்டு ஆச்சியை ஏமாத்துவியே, அதேதான். பல்லாங்குழிப் பலகைக்குப் பதினாலு குழி, இதுக்குப் பதினாறு. புதுசா ஒரு பிட்டு வந்தா, அதையும் 7, 9, 12, 16-ஆம் குழியில கெடக்கறதையும் சேத்து ஒத்தையா ரெட்டையான்னு பாக்கும். ஒத்தைன்னா முதல் குழியில ஒண்ணு, ரெட்டைன்னா பூச்சியம். மத்ததெல்லாம் ஒரு குழி தள்ளிப்போகும், கடைசிக் குழியில இருந்தது வெளிய விழும். படலைச் சாத்தும்போது பதினாறு குழியில என்ன கெடக்கோ அதுதான் கைநாட்டு. வந்த வரிசையில ஒரே ஒரு பிட்டு பெசகினாக்கூட எழுத்து கட்டாயம் மாறிரும். நெறைய பெசகி, அம்புட்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சு, பழைய எழுத்தே திரும்ப வர்றதுக்கு 65,536-ல ஒரு வாய்ப்புதான். நம்ம ஊர்ல ஐப்பசி மழை சொன்ன தேதியில பெய்யிறதுக்கு அதைவிடக் கம்மி.

எழுத்துலயும் ஒரு குசும்பு. கம்ப்யூட்டர்காரன் ஒம்பதுக்கு மேல ஏ, பி, சி, டி, ஈ, எஃப்னு போவான். இந்தப் பெட்டி ஏ, சி, எஃப், எச், பி, யுன்னு போகும். இங்க வர்ற 'பி' பேக்-மேனோட முதல் எழுத்து. ஏவுக்கு அடுத்த 'பி' இருக்கே, அது ஏழு கோட்டு விளக்குல 8 மாதிரி நிக்கும், 'டி' 0 மாதிரி நிக்கும். மெக்கானிக்கு ராத்திரி பத்து மணிக்கு அரைத் தூக்கத்துல பாத்து ஏமாறக் கூடாதுன்னு அதுகளை வெரட்டிவிட்டான். சந்தையில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசுறவனுக்கு ஒரு பாஷை இருக்குல்லா, இது இவன் பாஷை.

இப்பக் கைநாட்டுன்னு ஏன் சொன்னேன்னு கேளு. உங்க பூட்டன் பத்திரத்துல பெருவிரலை உருட்டினாரு. அந்த ரேகையைப் பாத்து அவர் நல்லவரா கெட்டவரான்னு சொல்ல முடியுமா? முடியாது. அதே ஆளா வேற ஆளான்னுதான் சொல்ல முடியும். இதுவும் அப்படித்தான். "6321"ன்னு ஒரு எழுத்து வந்தா, அதுக்கு அர்த்தம்னு ஒண்ணும் கிடையாது. 6320-ன்னு வந்தா "ஒண்ணுதான குறையுது, கிட்டத்தட்டச் சரி"ன்னு நீ சந்தோசப்படவும் கூடாது. தப்புன்னா முழுத் தப்பு. நல்ல பலகையில அந்தக் கால்ல என்ன எழுத்து வரும்னு முன்னாலயே எழுதி வச்சிருந்தாத்தான் இந்தப் பெட்டி பேசும். இல்லைன்னா ஊமை. அட்டாரிக்காரன் தன்னோட கேட் பாக்ஸ்னு ஒரு பழுதுபாக்குற பெட்டியிலயே இந்த வித்தையை உள்ள வச்சான், சில ஆட்டங்களோட வரைபடத் தாள்லயே எந்தக் கால்ல என்ன எழுத்துன்னு அச்சடிச்சும் கொடுத்தான். அவன் யோசனைக்காரன். நீ உன் பலகையோட வரைபடத்தையே "பழைய பேப்பர்"னு ஓரமா வச்சுட்டு அயனைத் தூக்கினவன்.

சரி, எழுத்து அச்சடிச்ச தாள் இல்லாத பலகைக்கு என்ன செய்ய? அங்கதான் பெரிய சூட்சுமம். சிபியூவை முதல்ல சும்மா இருக்கச் சொல்லணும்.

சிரிக்காத. நெசந்தான். உன் பலகையோட சிபியூ இசட்80-க்கு 00-ன்னு ஒரு கட்டளை உண்டு, நோப்புன்னு பேரு. "ஒண்ணும் செய்யாத, அடுத்த வீட்டுக்குப் போ"ங்குறதுதான் அதுக்கு அர்த்தம். எட்டு டேட்டா கம்பியையும் போர்டுலருந்து பிரிச்சுத் தரையில கட்டிட்டா, சிபியூ எந்த முகவரியில போயிக் கேட்டாலும் "00, சும்மா இரு"ன்னுதான் பதில் வரும். அதுவும் 0000-லருந்து 65,535 வரைக்கும் ஒவ்வொரு வாசலா எட்டிப் பாத்துட்டு, திரும்ப 0000-லருந்து ஆரம்பிக்கும். ஊர்ல வேலைவெட்டி இல்லாத பெருசு ஒண்ணு வீடு வீடா எட்டிப் பாத்துக்கிட்டுப் போகும்லா, என்னைத்தான் சொல்லுதேன்னு நெனச்சுக்கோ. உன் பலகையில கடிகாரம் 3.072 மெகாஹெர்ட்ஸ், ஒரு நோப்புக்கு நாலு துடிப்பு. ஒரு வினாடிக்குப் பத்துப் பன்னெண்டு தடவை ஊரைச் சுத்தி வந்துரும்.

இதுக்கு ஒரு நாப்பது கால் சாக்கெட்டை எடுத்து, 7, 8, 9, 10, 12, 13, 14, 15-ஆம் காலைப் போர்டுக்குப் போகாம வளைச்சு, தரையான 29-ஆம் காலோட சேத்துக் கட்டணும். எண்ணிப் பாத்தியா, நடுவுல 11-ஐ விட்டுட்டேன். மறதியில விடலை. 11-ல 5 வோல்ட் வருது. வரிசையா இருக்கேன்னு அதையும் சேத்துக் கட்டினேன்னு வையி, தீபாவளிக்குச் சிவகாசிக்குப் போக வேண்டாம்.

ஸ்டார்ட்டையும் ஸ்டாப்பையும் முகவரிக் கம்பி ஏ15-ல போடு, சிபியூவோட 5-ஆம் காலு. பெருசு ஒரு முழுச் சுத்து வர்ற வரைக்கும் படல் திறந்திருக்கும். கிளாக்கை எங்க போடுவ? "கிளாக்குதான தாத்தா, கிளாக்கு கால்ல"ம்ப. அங்கதான் மாட்டுவ. இசட்80-க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டளையை வாங்கின கையோட, டைனமிக் மெமரி மறந்துபோகாம இருக்கட்டும்னு வேற ஒரு முகவரியைக் கொஞ்சம் நேரம் முனங்கும். கிளாக்கு கால்ல போட்டா அந்த முனங்கலும் கணக்குல சேந்துரும். 21-ஆம் கால்ல, ஆர்டி கம்பியில போடு. நெசமாப் படிக்கிற நேரம் மட்டும் துடிக்கும்.

இன்னொண்ணு, காவல்நாய். ஆமாடே, பேரே வாட்ச்டாக்தான. நம்ம சிப்பிப்பாறை நாயி மாதிரி. ஆட்டம் ஒழுங்கா ஓடுனா மென்பொருள் அப்பப்ப அதைத் தடவிக் கொடுக்கும். 16 தடவை திரை புதுப்பிக்கிற நேரத்துக்குள்ள எவனும் தடவலைன்னா, எசமான் செத்துட்டான்னு நெனச்சு ஊரையே எழுப்பிவிட்டு சிபியூவை முதல்லருந்து ஆரம்பிக்க வச்சிரும். நீ "சும்மா இரு"ன்னு சொல்லிட்டியே, யாரு தடவிக் கொடுப்பா? அதனால அதை முதல்ல கட்டிப் போடு. நேத்து நீ "சிபியூ திரும்பத் திரும்ப ரீசெட் ஆகுது, சிபியூ போச்சு"ன்னு இசட்80-யை மாத்தினியே. அந்தப் பதினோரு பேர்ல அது எத்தனாவது? நாய் குலைச்சதுக்கு எசமானை மாத்தினவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தந்தான்.

எல்லாத்தையும் போட்டாச்சா. உடனே போயி சிப்பைக் குத்தாத. குச்சியைத் தரையில வையி. 0000 வரணும். பூச்சியமா போட்டுக்கிட்டே இருந்தா ஒத்தை எங்கருந்து வரும்? அடுத்து 5 வோல்ட்ல வையி. வெறும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு 65,536 தடவை. இந்த வாசலுக்கு 0001 வரணும். இந்த எழுத்து மாறினா பலகையில ஒண்ணும் தப்பில்லை, உன் பட்டி வாசல்தான் தப்பு, ஆடு அம்புட்டையும் எண்ணலைன்னு அர்த்தம். அப்புறம் ஏ0, 30-ஆம் காலு. பூச்சியம், ஒண்ணு, பூச்சியம், ஒண்ணுன்னு மாறி மாறி வரும். அதோட எழுத்து யு, யு, யு, யு. நம்ம கோனாரு கெடையைத் திருப்புற சத்தம் மாதிரியே இருக்கும், மறக்காது. இந்தப் பதினாறு முகவரிக் கம்பிக்கும் தாளு வேண்டாம்ல. இசட்80 எந்த ஊர்ப் பலகையில இருந்தாலும், இதே மாதிரி சும்மா சுத்த விட்டா அதே எழுத்துத்தான்.

ரோமுக்கு அப்படி இல்லை. உள்ள எழுதியிருக்குறதைப் பொறுத்து எழுத்து மாறும். உன் பலகையில ஆட்டத்தோட நிரல் இருக்குறது நாலு ரோம்ல, ஒவ்வொண்ணும் 4 கிலோபைட். ஒவ்வொண்ணுக்கும் அதோட 4,096 முகவரிக்கு மட்டும் படல் திறக்குற மாதிரி வாசலை மாத்திப் போட்டுத்தான் பாக்கணும். இல்லைன்னா வேற எவன் பட்டி ஆடோ உள்ள வந்து கலந்துரும். ஒரிஜினல் ரோமோட எழுத்தை வச்சுக்கிட்டு, எவனோ காப்பியடிச்சு நாலு பைட்டை மாத்தின பலகையைப் பாத்து "கெட்டுப்போச்சு"ங்காத. நல்ல ரோமோட கோப்பு கையில இருந்தா, அந்த ஒத்தை ரெட்டைக் கணக்கை உன் லேப்டாப்பே போட்டு எழுத்தைச் சொல்லிரும். அதுக்குத்தான உங்க அப்பன் உன்னை எஞ்சினியரிங் படிக்க வச்சான்.

அப்புறம் நடக்கவேண்டியதுதான். எழுத்து தப்பா வர்ற இடத்துலருந்து ஒவ்வொரு சிப்பாப் பின்னால போ. உள்ள போறதும் தப்பு, வெளிய வர்றதும் தப்புன்னா அவன்மேல குத்தமில்லை, அவனுக்கே எவனோ கெட்டதைக் கொடுத்திருக்கான். அவனைத் தாண்டிப் போ. உள்ள போறது எல்லாம் நல்லது, வெளிய வர்றது மட்டும் கெட்டதுன்னு எவன்கிட்ட வருதோ அங்க நில்லு. நம்ம பஞ்சாயத்துல களவு கண்டுபுடிக்கிறதும் இப்படித்தான்.

ஒரு எடத்துல மட்டும் இந்தப் பஞ்சாயத்து செல்லாது. மாமியா மருமவ சண்டை. இவ வெளியீடு அவளுக்குள்ள போகுது, அவ வெளியீடு இவளுக்குள்ள வருது. கெட்டது வட்டமாச் சுத்தும். எவ ஆரம்பிச்சான்னு அந்தச் சாமியே வந்தாலும் சொல்ல முடியாது. எங்கயாவது ஒரு கம்பியை அறுத்து ஒருத்தியை ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும். டேட்டா கம்பியைப் பிரிச்சு சிபியூவை சும்மா சுத்த விட்டது வேற எதுக்குன்னு நெனச்ச? சிபியூ சொல்லித்தான் ரோம் பேசுது, ரோம் சொல்லித்தான் சிபியூ நடக்குது. உலகத்துலயே பெரிய மாமியா மருமவ அது ரெண்டுந்தான்.

இதையும் தலையில போட்டுக்கோ. இந்தக் கைநாட்டுக்கு எல்லாம் தெரியாது. சப்ளை 4.75-க்குக் கீழ தொங்குனா தெரியாது, கெப்பாசிட்டர் காஞ்சு ஊசலாடுனா தெரியாது, சத்தத்தோட அனலாக் பக்கம் அதுக்கு வேலையே இல்லை. ராமுக்குள்ள எவனும் எழுதாம சும்மா சுத்துனா அது வாயில வந்ததை உளறும். அந்தரத்துல தொங்குற கால்ல குச்சியை வச்சா ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து வரும். அதுக்குன்னே 5004ஏ-ல நிலையில்லாத கையொப்பம்னு ஒரு விளக்கு எரியும். அது எரிஞ்சா எழுத்தைப் படிக்காத. அதனால முதல்ல மீட்டரை எடுத்து 5 வோல்ட்டைப் பாரு, அப்புறம் கடிகாரம், அப்புறம் ரீசெட், அதுக்கப்புறம்தான் கைநாட்டு. இதே பேர்ல வேற ஒண்ணும் திரியுது. கரண்டே போடாத பலகையில காலுக்குக் காலு கொஞ்சூண்டு ஏ.சி. விட்டு வளைவு பாக்குறது. அதுவும் நல்ல வித்தைதான், ஆனா அது வேற வீட்டுப் பிள்ளை.

"அந்தப் பெட்டிக்கு நான் எங்க போவேன் தாத்தா"ன்னு நீ கேக்கப்போறது தெரியும். அதோட குடலைச் சொல்லுதேன் கேளு. பதினாறு குழின்னா எட்டு எட்டா ரெண்டு 74164. அஞ்சு சங்கதியைச் சேத்து ஒத்தை ரெட்டை பாக்க நாலு எக்ஸ்-ஆர் கேட். ஒரு 7486-க்குள்ள சரியா நாலு இருக்கு. படல் திறக்கச் சாத்த ரெண்டு ஃபிளிப்-ஃபிளாப். காட்டுறதுக்குப் பதினாறு எல்இடி. நீ மாத்தின பதினோரு சிப்பு வந்த டப்பாவுல இதுல பாதி கெடக்கும்.

இதுல பாரு, முந்தாநாள் ராத்திரி கரண்டு வந்தப்ப உனக்குத் தூக்கம் வந்துருச்சு, எனக்கு வரலை. ஒரு பழைய கோயில்பட்டி கடலைமிட்டாய் டப்பா மூடியில இதை நானே கட்டி வச்சேன். உன் பலகையிலயும் போட்டுப் பாத்தாச்சு. மூஞ்சி போற போக்கைப் பாரு.

சேதி ரெண்டு. நாலாவது ரோம், சாக்கெட்டோட அடிப்பக்கக் கால்ல ஏ9 நல்ல எழுத்து. அதுக்குள்ள உக்காந்திருக்குற ரோமோட கால்ல குச்சியை வச்சா ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து வருது. நடுவுல என்ன இருக்கு? சாக்கெட்டோட நாக்கு. பச்சை புடிச்சுக் கெடக்கு. எந்தக் கடலோரத்துலயோ பல வருசம் உப்புக்காத்து குடிச்சிருக்கும் போல. இதுதான் உன் பலகைக்கு நெசமான வியாதி. ஒரு சாக்கெட்டு.

ரெண்டாவது, ஏ4. சிபியூ கால்ல சரி, நீ ஏழாவதா மாத்தினியே அந்தச் சிப்புக்குப் போற வழியில அந்துபோயிருக்கு. பழைய சிப்பைப் புடுங்கும்போது அதோட சேத்து செம்புக்கோட்டையும் பேத்துட்ட. இது பலகைக்கு வந்த வியாதி இல்லை, வைத்தியன் வச்ச வியாதி. நீ கழட்டிப்போட்ட பதினோரு சிப்பையும் ஒரு டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன், சோதிச்சும் பாத்துட்டேன். பத்து நல்லாருக்கு. பதினோராவதோட ரெண்டு கால் ஒடிஞ்சிருக்கு, ஒடிச்சதும் நீதான்.

சாக்கெட்டை நாளைக்கு மாத்திக்கலாம். அந்தக் கோட்டுக்கு ஒரு மெல்லிசு வயரை வச்சு ஒட்டணும், அதை நான் ஒட்டுதேன், உன் கை நடுங்குது. இப்ப அயனை அணைச்சுட்டுப் போயி ஆட்டுக்குத் தண்ணி காட்டு. இந்த வீட்டு மீட்டரு என் பேர்ல இருக்கு.